பேய் வராவிட்டாலும் ஓட வேண்டும்: சில கற்பனை நிகழ்ச்சிகள், ஒரே ஒரு இடம்

பேய் தேடும் நிகழ்ச்சிகளில் பேய் வராது. எடுப்பவர்களுக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். 2002ல் பிரிட்டனில் ‘மோஸ்ட் ஹாண்டட்’, 2004ல் அமெரிக்காவில் ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ என்று சூடு பிடித்த இந்த வகைக்கு இலக்கணம் சின்னது. ராத்திரி, விளக்கணைத்த பழைய கட்டடம், முகங்களைப் பச்சையாகக் காட்டும் கேமரா, மின்காந்தப் புலத்தை அளக்கும் கையடக்க மீட்டர், காலி அறையைப் பார்த்து “யாராவது இருக்கிறீர்களா?” என்று ஒரு கேள்வி. ஒரு மணி நேரம் முடியும்போது கையில் மிஞ்சுவது ஒரு கதவுச் சத்தம், அல்லது இரைச்சலுக்கு நடுவே பெயர் மாதிரி கேட்கும் ஏதோ ஒன்று.

இது தொலைக்காட்சி கண்டுபிடித்த ஏமாற்றமும் இல்லை. 1936லேயே ஹாரி பிரைஸ் என்ற ஆவி ஆராய்ச்சியாளர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பேய் வீடு என்று பேசப்பட்ட ஒன்றிலிருந்து பிபிசி வானொலியில் நேரலை செய்தார். மைக் வந்தது, பொறியாளர்கள் வந்தார்கள், வர வேண்டியவர் மட்டும் வரவில்லை.

ஆகவே பேய் தேடலை வேறொரு வகை நிகழ்ச்சியோடு கலந்தால் என்ன என்று யோசிப்பது வெறும் வேடிக்கை இல்லை. பேயால் கொடுக்க முடியாத முடிவை அந்த இன்னொரு வகை கொடுக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், யூடியூப் சேனல் தாங்கக்கூடிய பட்ஜெட், எட்டு வாரம் என்று ஓர் இடம் காலியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலவையிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பேய் வரவில்லை, கடைசிப் பத்து நிமிடம் திரையில் என்ன ஓடும்? அப்புறம், எட்டு வாரத்துக்குச் சரக்கு இருக்கிறதா, யாருக்காவது அடிபடுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

செய்தி நேரலையோடு கலப்பதை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம். பிபிசி அதைச் செய்து முடித்துவிட்டது. 1992 அக்டோபர் 31 இரவு ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற பெயரில், லண்டனில் ஒரு வீட்டிலிருந்து நேரலை என்று ஒளிபரப்பினார்கள். உண்மையில் அது முன்பே எழுதி நடித்துப் பதிவு செய்த நாடகம். ஆனால் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தவர் மைக்கேல் பார்க்கின்சன், நாடு நம்பும் பேட்டியாளர். அவர் சொன்னால் மக்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? புகார்கள் குவிந்தன, ஒளிபரப்புத் தர ஆணையம் பின்னால் கண்டித்தது, பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. ஒரு தடவை அடிக்கலாம், எட்டு தடவை முடியாது.

போலீஸ் ரோந்தோடு கலந்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனம். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரில் 2000ல் வந்த ஒரு பகுதி முழுக்க, நிஜப் போலீஸ் ரோந்தைக் காட்டும் ‘காப்ஸ்’ நிகழ்ச்சி மாதிரியே எடுக்கப்பட்டது. கையில் ஆடும் வீடியோ கேமரா, முல்டரும் ஸ்கல்லியும் ரோந்துக் காருக்குப் பின்னால் ஓடுகிறார்கள். அவர்கள் தேடும் ஜந்து கடைசி வரை கேமராவில் சிக்கவில்லை. அது குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் ரோந்து நிகழ்ச்சியில் பாதி ராத்திரி யாருமே சிக்க மாட்டார்கள். பேய் இல்லாத வெற்றிடத்தை இரண்டாவது வகை தன் இயல்பாலேயே மூடிவிட்டது. நம் ஊரில் நிஜப் போலீஸோடு கேமரா ஓட அனுமதி கிடைக்காது, அதனால் இதுவும் பட்டியலில் இல்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நிஜமான போட்டியாளர்கள்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சமையல். பெயர்கூடத் தயார்: ‘ஆவி பறக்கும் அடுப்படி’. பழைய பங்களா ஒன்றின் சமையலறையில் நான்கு பேர், அந்த வீட்டில் செத்துப்போனவருக்குப் பிடித்த பதார்த்தத்தைச் சமைக்கிறார்கள். நமக்கு இது அந்நியமான யோசனையே இல்லை. இறந்தவருக்குப் பிடித்ததைச் செய்து படையல் போடுவதும், காக்கைக்கு வைத்துவிட்டுக் காத்திருப்பதும் வீட்டு வழக்கம்தான். இங்கிலாந்தில் இதற்கென்றே கட்டின மாதிரி ஓர் இடமும் இருக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் எட்டாம் ஹென்றி காலத்துச் சமையற்கட்டு இன்னும் நிற்கிறது. அதே அரண்மனையில் அவனுடைய ஐந்தாவது மனைவி கேத்தரின் ஹோவர்டு அலறிக்கொண்டு ஓடுவதாகச் சொல்லும் நடைகூடமும் இருக்கிறது. 2003ல் அங்கே ஒரு தீத்தடுப்புக் கதவருகே வந்த அங்கி உருவம் பாதுகாப்புக் கேமராவில் பதிவாகி உலகம் சுற்றியது.

முதல் கேள்விக்கு இந்த நிகழ்ச்சி தைரியமாகப் பதில் சொல்லும். பேய் வராவிட்டால் சாப்பாடு இருக்கிறது, நடுவர் ருசி பார்ப்பார், ஒருவர் ஜெயிப்பார். சிக்கல் வேறு இடத்தில். மூன்றாவது வாரம் பேய் வெறும் மேஜை அலங்காரமாகிவிடும். “தாத்தாவுக்குக் காரம் பிடிக்குமாம்” என்பதைத் தாண்டி விசாரணைக்கும் குழம்புக்கும் ஒட்டே கிடையாது. விசாரணையைக் கழற்றி வைத்தாலும் நிகழ்ச்சி ஓடும் என்றால் அதைக் கலவை என்று எப்படிச் சொல்வது?

பாட்டுப் போட்டியையும் ஒருவர் சிபாரிசு செய்தார். மறைந்த இசையமைப்பாளர்கள் நடுவர்களாம். சிரிக்க வேண்டாம், லண்டனில் ரோஸ்மேரி பிரவுன் என்ற பெண்மணி லிஸ்ட், ஷோபான், பீத்தோவன் எல்லாம் வந்து தனக்குப் புது இசை சொல்லிக் கொடுப்பதாகக் கூறி, 1970ல் அதை இசைத்தட்டாகவே வெளியிட்டார். நம் ஊரில் செய்தால் முதல் வாரமே வாரிசுகளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும். விட்டுவிடுவோம்.

பழம்பொருள் மதிப்பீடு கொஞ்சம் ஆபத்தான அழகி. பிபிசியில் 1979ல் தொடங்கி இன்றும் ஓடும் ‘ஆன்டிக்ஸ் ரோட்‌ஷோ’வின் உயிர் ஒரே ஒரு நொடியில் இருக்கிறது: பரணில் கிடந்த ஜாடிக்கு நிபுணர் விலை சொல்லும் நொடி. அந்த ஜாடியைத் தொட்டால் ராத்திரி தூக்கம் வராது என்று ஒரு கதையும் சேர்ந்தால்? கதை பேசியாயிற்று, பேய் வரவில்லை, ஆனால் விலை வந்துவிட்டது. முடிவு கச்சிதம்.

அந்தக் கச்சிதம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. 2003ல் அமெரிக்காவில் ஒருவர் ஒரு பழைய ஒயின் அலமாரியை ஈபேயில் ஏலம் விட்டார். உள்ளே யூத மரபின் தீய ஆவி ஒன்று அடைபட்டிருப்பதாக விளம்பரத்தில் விலாவாரியாகக் கதை எழுதியிருந்தார். அலமாரி கை மாறிக்கொண்டே போனது, அதை வைத்துத் திரைப்படம் வந்தது, கடைசியில் லாஸ் வேகாஸில் பேய்ப் பொருள்களுக்கென்றே உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2021ல், விற்றவரே அந்தக் கதை தன் கற்பனை என்று சொல்லிவிட்டார். கதையால் விலை ஏறும் இடத்தில் கதைதான் உற்பத்தியாகும். நாம் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தால் எட்டு வாரத்தில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒவ்வொரு பித்தளைக் குத்துவிளக்குக்கும் ஒரு சாபம் முளைத்துவிடும். போதாததற்கு, யாராவது பழைய சாமி சிலையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பேயைவிடச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு முதலில் வந்து நிற்கும்.

நீதிமன்றத்துக்கு வருவோம். என்னை உண்மையிலேயே தடுமாற வைத்த போட்டியாளர் இதுதான். பெயர் ‘வில்லங்கம்’. வீட்டை விற்றவர் ஒரு பக்கம், வாங்கியவர் ஒரு பக்கம், நடுவில் பேய்.

அடிப்படை வழக்கு நிஜத்திலேயே நடந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் நையாக் என்ற ஊர். அங்கே ஒரு பழைய வீட்டின் சொந்தக்காரர் தன் வீட்டில் ஆவிகள் உலாவுவதாக ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ வரைக்கும் சொல்லியிருந்தார். உள்ளூர்க்காரர்களுக்கு அது பெருமையான சங்கதி. வெளியூர்க்காரர் ஒருவர் விஷயம் தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டார். தெரிந்ததும் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட்டார். 1991ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆவிகள் உண்டா என்ற ஆராய்ச்சியில் நீதிபதிகள் இறங்கவில்லை. ஊர் முழுக்கப் பேய் இருக்கிறது என்று பறைசாற்றியவர் இப்போது இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்த வீடு பேய் வீடுதான் என்றார்கள். தீர்ப்பு நெடுகப் பேய்ச் சிலேடைகள் வேறு, நீதிபதி ரசித்து எழுதியிருக்கிறார்.

இதற்கும் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு முந்தையது மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் வழக்கு. 1897ல் ஓர் இளம்பெண் இறந்துபோனாள், இயற்கை மரணம் என்று புதைத்துவிட்டார்கள். மகள் ஆவியாக வந்து, கணவன் கழுத்தை முறித்ததைச் சொன்னாள் என்று தாய் அரசு வழக்கறிஞரிடம் போய் நின்றாள். தோண்டி எடுத்துப் பார்த்தால் கழுத்து முறிந்துதான் இருந்தது. விசாரணையில் அரசுத் தரப்பு ஆவிக் கதையைச் சாமர்த்தியமாகத் தவிர்த்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்தான், தாயைப் பைத்தியக்காரி என்று காட்டலாம் என நினைத்து அதைக் கிளறினார். அவள் அசைந்து கொடுக்கவில்லை, ஒரே கதையை உறுதியாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜூரி கேட்டது, கணவனுக்கு ஆயுள் தண்டனை. அந்தக் குறுக்கு விசாரணையை மட்டும் ஒரு மணி நேரம் எடுக்கலாம்.

‘வில்லங்கம்’ நம் மண்ணிலும் வேர் பிடிக்கும். 1882ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55, சொத்தில் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. கிணற்றில் ஒரு பெண் விழுந்து செத்ததும், அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் குடிவராததும் அப்படிப்பட்ட குறையா? இரண்டு வக்கீல்களை உட்கார வைத்தால் கேமராவை மறந்துவிட்டுச் சண்டை போடுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தீர்ப்பு இருக்கிறது. பேய் ஆஜராக வேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை? சரக்கு தீர்ந்துவிடும். நையாக், கிரீன்பிரையர் தரத்தில் எட்டு வழக்குகளை என்னால் அடுக்க முடியவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நாமே வழக்கு எழுத வேண்டும், நடிகர்கள் வாதாட வேண்டும். அப்போது அது மாலை நேர சீரியல்.

நடுவில் ஒரு கலவையைச் சொல்லாமல் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள். குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சியோடு பேய் தேடல். ஒரு வீட்டில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பிடிக்கிறது. குடும்பத்தையே மேடையில் உட்கார வைத்து யார் காரணம் என்று விசாரிப்பது. ரேட்டிங் பிய்த்துக்கொண்டு போகும், சந்தேகமே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? கேரளத்தில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஏபிரகாம் கோவூர், தெய்வீக சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963ல் சவால் விட்டவர். அவர் எழுதிவைத்த விசாரணைகளில் கல்லெறிந்த கைக்குப் பின்னால் மனம் நொந்த மனிதர் இருப்பார். 1977ல் லண்டன் என்ஃபீல்டில் உலகமே பேசிய வீட்டிலும் நடுநாயகம் பதினோரு வயதுச் சிறுமி, சிலதை நாங்களே செய்தோம் என்று அவளும் அவள் அக்காவும் பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார்கள். அந்த வயதுப் பிள்ளையைக் கேமரா முன்னால் நிறுத்தி “நீதானே எறிந்தாய்?” என்று கேட்கும் நிகழ்ச்சிக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். யாருக்கு அடிபடும் என்ற கேள்விக்கு இத்தனை தெளிவான பதில் வேறெதிலும் இல்லை.

சரி, மிச்சம் இருப்பது வீட்டு மராமத்து. ‘கொத்தனாரும் கோடாங்கியும்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். என் ஓட்டு இதற்குத்தான்.

பேய் நடமாட்டம் என்று சொல்லும் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் போகிறார்கள். கோடாங்கி உட்கார்ந்து வீட்டார் சொல்வதைக் கேட்கிறார். எந்த அறை, எத்தனை மணிக்கு, எப்போதிலிருந்து, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது. கொத்தனார் தன் ஆட்களோடு, ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு பிளம்பரோடு, சுவரைத் தட்டுகிறார். பேய் வராவிட்டால் கடைசிப் பத்து நிமிடத்தில் குழாய் சரியாகியிருக்கும்.

இது நானாக ஒட்டவைத்த ஜோடி இல்லை. ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ நிகழ்ச்சியின் இரண்டு முக்கிய ஆட்கள், ஜேசன் ஹாவ்ஸும் கிராண்ட் வில்சனும், பகலில் பிளம்பர் வேலை பார்த்தவர்கள். அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த இடங்களே அவர்கள் சுவருக்குப் பின்னால் ஓடும் குழாயைக் கண்டுபிடிக்கும் இடங்கள்தான். பேய் பிடிக்கும் மீட்டர் என்று விற்கும் கருவிக்கும் சுவருக்குள் ஓடும் மோசமான ஒயரிங்தான் முதலில் சிக்கும்.

கதை கேட்பது ஏன் வேண்டும், நேராகக் கருவியோடு போனால் என்ன என்று கேட்கலாம். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் விக் டாண்டி என்ற பொறியாளருக்கு நடந்ததைப் பாருங்கள். மருத்துவக் கருவிகள் செய்யும் ஆய்வுக்கூடத்தில் ராத்திரி தனியாக வேலை பார்க்கும்போது குளிர் வியர்வை, கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம், திரும்பினால் ஆளில்லை. மறுநாள் அவர் வாள்வீச்சுப் போட்டிக்காகத் தன் வாளை அங்கே பிடிப்பானில் மாட்டி வைத்தபோது அது தானாக அதிர்ந்தது. தேடிப்போனால் புதிதாக மாட்டிய வெளியேற்று மின்விசிறி, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த அதிர்வுக்கு உருவம் காட்டும் சக்தி உண்டு என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை, அது தனிச் சண்டை. எனக்கு முக்கியம் “புதிதாக மாட்டிய” என்பது. எப்போதிலிருந்து என்ற கோடாங்கியின் கேள்விக்குப் பதில் கிடைத்தால் எதைத் தோண்டுவது என்று கொத்தனாருக்குத் தெரிந்துவிடும்.

1921ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த குடும்பத்தின் கதை இன்னும் தீவிரமானது. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து தலைவலி, காலடிச் சத்தம், கட்டில் அருகே அந்நிய உருவங்கள், வாடிப்போகும் செடிகள். காரணம், பழுதான சூடேற்றும் உலையிலிருந்து வீட்டுக்குள் கசிந்த கார்பன் மோனாக்சைடு. அந்த வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தால் குடும்பமே செத்திருக்கும். நம் ஊர் அபார்ட்மென்ட்களில் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டுகிறார்கள், அதே வாயுதான் அங்கேயும் ஆளைக் கொல்கிறது. பேய் நிகழ்ச்சி ஒன்றால் உயிர் பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்றால் அது இந்தக் கலவையில் மட்டும்தான்.

சரக்குக்கும் பஞ்சமில்லை. ஓட்டு வீட்டு மச்சில் ராத்திரி நடக்கும் காலடிக்குப் பாதி நேரம் மரநாய் சொந்தக்காரர். பாழடைந்த கோபுரப் பக்கத்துக் குழந்தை அலறல் கூகை. மோட்டாரை நிறுத்தியதும் குழாய்க்குள் தண்ணீர் மோதி எழும் அடி, எர்த் சரியில்லாத சுவரைத் தொட்டால் “யாரோ பிடித்து உலுக்கின மாதிரி” வரும் ஷாக். எட்டு வாரம் என்ன, எண்பது வாரம் ஓட்டலாம்.

ஒரு பலவீனம் இருக்கிறது. 1969லிருந்து குழந்தைகள் பார்க்கும் ‘ஸ்கூபி-டூ’ கார்ட்டூனில் கடைசியில் முகமூடி கழன்றே தீரும். அதேபோல ஒவ்வொரு வாரமும் கடைசியில் குழாய்தான் என்று தெரிந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? இதற்கு இரண்டு விதி வைப்பேன். காரணம் கிடைக்காத வீட்டைக் கிடைக்கவில்லை என்றே ஒளிபரப்ப வேண்டும், அவசரத்துக்கு எலி மீது பழி போடக் கூடாது. சரி செய்த வீட்டுக்கு ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போக வேண்டும். குழாயை மாற்றிய பிறகும் காலடி கேட்கிறது என்று பாட்டி சொன்னால் அதுவும் அப்படியே வரட்டும். எந்த வாரம் எது நடக்கும் என்று கொத்தனாருக்கே தெரியாது.

கோடாங்கியைக் கோமாளி ஆக்கவும் கூடாது. 2005ல் ‘மோஸ்ட் ஹாண்டட்’ குழுவிலேயே இருந்த உளவியலாளர் ஒருவர், ஆவியோடு பேசுவதாகச் சொன்ன டெரெக் அகோராவின் காதில் விழும்படி, இல்லாத ஆள் ஒருவரின் பெயரைக் கசியவிட்டதாகப் பத்திரிகையில் சொன்னார். படப்பிடிப்பில் அந்தப் பெயருடைய ஆவி இறங்கிப் பேசியதாம். பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் ‘டெரெக் ஒரு போலி’ என்று வரும். சிரித்து முடித்ததும் மிஞ்சுவது கசப்புதான். நம் நிகழ்ச்சியில் கோடாங்கி ஆவி இறக்கப் போவதில்லை. கேட்பதுதான் அவர் வேலை, அதைக் கிராமத்துக் கோடாங்கிகள் நன்றாகவே செய்வார்கள். உடுக்கையை எடுக்கும் முன் அவர்கள் கேட்கும் கேள்விகளை நல்ல டாக்டரும் கேட்பார்.

பட்ஜெட்டில் ஒரு மாற்றம். பச்சைக் கேமராவும் மீட்டரும் வாங்க ஒதுக்கும் பணத்தைக் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவிக்கும் கொத்தனார் கூலிக்கும் மாற்றிவிட வேண்டும். பழுது பார்க்கும் செலவு முழுக்க நிகழ்ச்சியுடையது, வீட்டாரிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. ‘வில்லங்கம்’ வீணாகவும் வேண்டாம். ஐந்தாவது வாரத்தில், விற்பனைக்கு நிற்கும் ஒரு வீட்டுக்குப் போகும்போது இரண்டு வக்கீல்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.